பனி பெய்யாத ஊரில் ஒரு ராஜா

இராஜபாளையம்,
ஏப்ரல் 24.

அன்பு மகள் பியூலாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். லூதியானாவில் நீயும் மாரீஸ்வரனும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் உங்கள் இருவர் பெயரையும் சொல்கிறேன். அவர் பெயரையும்தான். சத்தமாகச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

விலாசம் உன் சித்தி மகள் ஜெபா கொடுத்தது. முன்னால் எழுதியவை உனக்குக் கிடைத்தனவா, கிடைத்தும் பேசாமல் இருக்கிறாயா என்று தெரியவில்லை. உன்னோடு போனில் பேச மாட்டேன் என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருப்பது உனக்குத் தெரியும். எழுத மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அது மறதியா, வேண்டுமென்றே விட்டதா என்று இந்த மூன்று வருஷத்தில் எனக்குப் பிடிபடவில்லை.

ஊர்ச் செய்தி என்றால் வெயில்தான். யூனிட்டில் தறி ஓடுகிறது. பேண்டேஜ் துணிக்கு ஆர்டர் பரவாயில்லை, நூல் விலைதான் ஒரு நாள் இருப்பது போல மறுநாள் இல்லை. எனக்கு முழங்கால் வலி. டாக்டர் மாடி ஏறாதே என்றார். நம் வீட்டு மாடியில் இப்போது எனக்கு என்ன வேலை இருக்கிறது?

இன்னொரு செய்தி இருக்கிறது. நீ நம்ப மாட்டாய். அப்பா டிவி நாடகத்தில் நடிக்கப் போகிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண் ஒருத்தி, சத்யப்பிரியா என்று பெயர், சென்னையில் டைரக்‌ஷன் படித்துவிட்டு வந்திருக்கிறாள். துணி காயப்போடும் நம் களத்தைப் படம் பிடிக்கலாமா என்று பார்க்க வந்தாள். அந்த நேரம் அப்பா நூல் புரோக்கரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டு அவள் அப்படியே நின்றுவிட்டாள். களத்தைப் பார்க்க வந்தவள் ஆளைப் பிடித்துக்கொண்டு போனாள். அப்பா முதலில் சிரித்தார். சபையில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ராஜா வேஷம் கட்டியதைத் தவிர எனக்கு என்ன தெரியும் என்றார். அவள், எனக்கும் ராஜாதான் வேண்டும் என்றாள்.

அவள் எடுப்பது நம் ஊர்க் கதை இல்லை. வடக்கே எங்கேயோ, வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் நாட்டில், முந்நூறு வருஷமாக மேடையில் போடுகிற நாடகமாம். ஒரு ராஜா, அவனுக்கு ஒரே மகன். மகன் எதிரி நாட்டாரோடு சேர்ந்துவிட்டான் என்று ராஜாவுக்குக் கோபம். மகன் திரும்பி வருகிற அன்று கோட்டைக் கதவைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போடுகிறான். வெளியே பனி கொட்டுகிறது. மகன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். ராஜா மேலே நின்று ஒரு பக்கம் நிறையச் சாபம் போடுகிறான். கடைசியில் மனம் பொறுக்காமல் தானே இறங்கி வந்து திறக்கிறான். மகன் விறைத்துப் போய் வாசலில் கிடக்கிறான். இதுதான் கதை. ராணி எங்கே போனாள் என்று கேட்டேன். அவர்கள் உள்ளே அழுதுகொண்டு இருப்பார்கள் அம்மா, அவர்களுக்குப் பெரிதாக வசனம் இல்லை என்றாள்.

அந்த ராஜாவை நம் பக்கத்து மில் முதலாளியாக மாற்றி ஆறு வாரம் ஓடுகிற மாதிரி எழுதியிருக்கிறாள். எதிரி நாடு என்பதைத் தொழிற்சங்கம் என்று ஆக்கியாகிவிட்டது. கோட்டை பெரிய வீடாகிவிட்டது. பனியைத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் திண்டாடினாள். மழை என்று யோசித்தாளாம். மழை என்றால் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடைக்குள் ஒதுங்கிவிடுவானே என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கூடத்தில் உட்கார்ந்து அவள் புலம்பிக்கொண்டிருந்தபோது அப்பாதான் வழி சொன்னார்.

“நம்ம ஊர்ல சாகிறதுக்குப் பனி எதுக்கும்மா? மே மாசத்து வெயிலு போதாதா?” என்றார்.

போன வருஷம் களத்தில் ஒருத்தி மயங்கி விழுந்தாளே, அவளுக்கு வேர்வை நின்றதையும், உதடு வெளுத்ததையும், தண்ணீர் கொடுத்தும் விழுங்க முடியாமல் போனதையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சத்யப்பிரியா போனில் பதிவு செய்துகொண்டாள். வாசல் மேற்குப் பார்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் மத்தியானத்துக்கு மேல் நிழலே விழாது என்றும் சொல்லிக் கொடுத்தார். அவ்வளவு உற்சாகம். நான் காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நம் வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் அவர் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று நடித்துப் பார்ப்பதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இந்த வீட்டில் குரல் கேட்டு வெகுநாள் ஆயிற்று.

அங்கே சாப்பாட்டுக்குக் கஷ்டப்படாதே. கோதுமை ஒத்துக்கொள்ளாவிட்டால் அரிசி வாங்கிக்கொள். ஒரு வரி எழுது.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா ஜெயபாய்.


இராஜபாளையம்,
மே 15.

பிரியமுள்ள பியூலாவுக்கு அம்மாவின் அன்பு முத்தங்கள். இங்கே சுகம். உங்கள் சுகத்துக்குத் தினமும் மன்றாடுகிறேன்.

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் என்ன வேலைக்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது. நேற்று ரசத்துக்கு உப்பே போடவில்லை. அப்பா அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போனார்.

போன செவ்வாய்க்கிழமை அப்பா யூனிட்டில் இருந்த நேரம் சத்யப்பிரியா என்னைத் தேடி வந்தாள். கையில் வசனத் தாள்கள். ராஜா போடுகிற அந்தச் சாபம் தமிழில் வரவே மாட்டேன் என்கிறது என்றாள். வாசித்துக் காட்டினாள். உன் வம்சம் அழியட்டும், உன் கண் குருடாகட்டும் என்று நீண்டுகொண்டே போனது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோவில் கொடைத் திருவிழாவில் கூத்துப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றேன். அவளும் அதையேதான் சொன்னாள். அந்த ஊரில் அது மேடையில் கேட்க ஆளை உலுக்குமாம். இங்கே அதைச் சொன்னால் பார்க்கிறவன் ரிமோட்டை எடுத்துவிடுவான் என்றாள்.

பிறகு அவள் கேட்டாள். “உங்க வீட்டுக்காரரு மாதிரி ஒரு மனுசன், கோவம் அதுக்கு மேல போக எடமில்லன்னு ஆன பொறவு, என்ன சொல்வாரும்மா?”

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தாமலே, “கத்த மாட்டாக. மரியாதையாப் பேசுவாக” என்றேன். எப்படி என்று கேட்டாள். என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணத்தை எழுதிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் வந்து மத்தியான வெயிலில் நம் கேட்டுக்கு வெளியே நின்றீர்களே. நீ ‘அப்பா’ என்று கூப்பிட்டாய். அவர் உள்ளேயிருந்து நடந்து போய், கேட்டைத் திறக்காமல், முன்பின் பார்த்தறியாத ஆளிடம் பேசுகிற மாதிரிச் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய்.

“யாருங்க? தண்ணி வேணும்னா பக்கத்து வீட்டுல கேளுங்க.”

பெற்ற மகளை ‘ஏட்டி’ என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகிய வாய். உன்னை ‘நீங்க’ என்றது.

அதைத்தான் சொல்லிவிட்டேன், பியூலா. ஏன் சொன்னேன் என்று கேட்காதே. மூன்று வருஷமாக என் காதுக்குள் கிடந்தது, யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்ததோ என்னவோ. சத்யப்பிரியா எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். யாரிடம் சொன்னார் அம்மா என்றாள். நான் பூண்டுத் தோலை அள்ளிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் சொல்லிக்கொள்ளாமல் போயிருந்தாள்.

நேற்று ஜெபா மூலமாக ஒன்று கேள்விப்பட்டேன். நாடகத்தில் அந்த மகன் இப்போது மகளாகிவிட்டானாம். தொழிற்சங்கமும் போய், வேற்று ஆளைக் கட்டிக்கொண்டு வருகிறவள் என்று மாற்றிவிட்டார்களாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரியில் படிக்கிற மாரிக்கனி என்ற பெண் அந்த வேஷம் கட்டுகிறாளாம். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. வசனம் ஜூன் பிறந்த பிறகுதான் கையில் கொடுப்பார்களாம். அவர் இன்னும் கண்ணாடி முன்னால் நின்று, மகனே மகனே என்று பழகிக்கொண்டிருக்கிறார்.

நான் முந்திக்கொண்டு சொல்லிவிடட்டுமா? சொன்னால் போக மாட்டார். போகாவிட்டால் முன்போலவே இருக்கும் வீடு. சொல்லாவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் அந்தத் தாளைப் பார்ப்பார். நீ இருந்தால் உன்னிடம் கேட்டிருப்பேன். உனக்குத்தான் அவர் போக்கு தெரியும்.

வெயிலில் அலையாதே. அங்கும் இந்த மாதம் கொதிக்கும் என்று மாரீஸ்வரனுடைய அம்மாவைச் சந்தையில் பார்த்தபோது சொன்னார்கள். ஆமாம், பேசினேன். வத்திராயிருப்பிலிருந்து மாங்காய் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பை நிறையப் போட்டுக் கொடுத்தார்கள். எங்கே வாங்கியது என்று அப்பா கேட்கவில்லை. ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன்.

உன்னைச் சுமந்தவள்,
அம்மா.


இராஜபாளையம்,
ஜூன் 6.

அன்பு மகளுக்கு, தேவனுடைய சமாதானம் உன் வீட்டில் இருப்பதாக. இங்கே அது இல்லை.

திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார்வளாகம் பக்கம் அவர்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் பெரிய வீட்டில், நடிக்கிறவர்கள் எல்லோரையும் உட்கார வைத்துக் கதை வாசித்தார்கள். அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பக் காரில் விடுகிறோம் என்றார்களாம், வேண்டாம் என்று டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வீட்டுக்குள் வரவில்லை. கேட்டருகே நின்று தாழ்ப்பாளைத் தூக்குவதும் போடுவதுமாக இருந்தார். நான் வாசல்படியில் நின்று பார்த்தேன். கூப்பிடத் தைரியம் வரவில்லை.

பிறகு உள்ளே வந்து உட்கார்ந்து சொன்னார். “ஒன் மக நம்ம வீட்டை டிவிக்காரங்ககிட்ட வித்துட்டா.”

மூன்று வருஷம் கழித்து அவர் உன்னைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு இது. அந்த வார்த்தை மூன்று பேருக்குத்தான் தெரியும், நான் சொல்லியிருக்க மாட்டேனாம், அப்படியென்றால் நீதானாம். மாரீஸ்வரன் பெயரை அப்போதும் சொல்லவில்லை, கணக்கில் சேர்க்கவும் இல்லை. பிறகு போனை எடுத்து என்னிடம் நீட்டினார். ஜெபாவிடம் உன் நம்பரை வாங்கிக் கொடு, இப்போதே கேட்கிறேன் என்றார்.

உன்னிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு கணம் நான் பேசாமல் இருந்தேன். கேட்கட்டுமே என்று தோன்றியது. திட்டுவதற்காகவாவது கூப்பிடட்டும், நீயும் பதிலுக்குக் கத்து, எப்படியாவது அந்தக் குரலும் இந்தக் குரலும் ஒன்றையொன்று கேட்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஜெபாவின் நம்பரை அழுத்தியும்விட்டேன். அங்கே மணி அடிக்கத் தொடங்கியது. இத்தனை வருஷம் கழித்து உன் காதில் விழுகிற முதல் வார்த்தை செய்யாத குற்றத்துக்கான ஏச்சாக இருக்க வேண்டாம் என்று அப்போதுதான் பட்டது. போனை அணைத்துவிட்டேன்.

“அவ சொல்லல. நான்தான் சொன்னேன்” என்றேன்.

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். தட்டை எறிந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்படிங்களா” என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான். குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறீங்களா. சபைக்கு வர்றீங்களா. லைட்டை அணைச்சுடுங்க. கல்யாணமான நாளிலிருந்து ‘ஏட்டி ஜெயா’ என்றே கேட்டுப் பழகிய எனக்கு, ஒவ்வொரு தடவையும் யாரோ என் தோளைப் பிடித்து வெளியே நகர்த்துகிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்குள்ளேதான் இருக்கிறேன். என் அடுப்படி, என் பாத்திரங்கள். ஆனால் விருந்துக்கு வந்தவள் மாதிரிப் பயந்து பயந்து புழங்குகிறேன். உனக்கு அது ஒரு தடவைதான் நடந்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி இல்லை போல. அங்கே போன பிறகும் உனக்கு அது தினமும் நடந்திருக்கும். அதுதான் நீ எழுதாததற்குக் காரணமா?

சத்யப்பிரியா இரண்டு தடவை வந்துபோனாள். முதல் தடவை அழுதாள். தெரியாமல் செய்துவிட்டேன், வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன், வசனத்தையும் எடுத்துவிடுகிறேன் என்றாள். அப்பா அவளிடம் வழக்கம்போலத்தான் பேசினார், மரியாதையெல்லாம் எனக்கு மட்டும்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டாம் தடவை வந்தபோது, நடிக்கிறேன், ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. என்னைத் தண்டிக்கவா? உன்னையா? கேட்கவும் முடியவில்லை. சாயங்காலமானால் கேட்டுக்கும் கொல்லைக்குமாக நடக்கிறார். அவர் நடந்தால் எனக்கும் உட்கார முடியவில்லை.

ஜெபம் பண்ணு. எனக்காக இல்லாவிட்டாலும் அவருக்காக.

உன் அம்மா.


இராஜபாளையம்,
ஜூன் 29.

என் கண்மணி பியூலாவுக்கும், மருமகன் மாரீஸ்வரனுக்கும் அம்மா எழுதுவது. இருவரையும் சேர்த்து எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. மன்னிக்கச் சொல்.

எல்லாம் எடுத்து முடிந்துவிட்டது. ஆகஸ்டில் டிவியில் வருமாம். நீங்கள் பார்க்க நேர்ந்தால் அந்த இடம் திடீரென்று வந்து உன்னை அடிக்கக் கூடாது. அதற்காகவே நடந்ததை எழுதுகிறேன்.

கேட்டருகே நடக்கும் காட்சியை எடுத்த அன்று மத்தியானச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் வெளிச்சாப்பாடு தொட மாட்டார் அல்லவா. சத்யப்பிரியா என்னை வீட்டுக்குள் உட்கார வைத்தாள். அங்கே முதலாளியின் மனைவியாக நடிக்கிற அம்மாள் நின்றிருந்தார். சென்னைக்காரர், பழகிய நடிகை. அவர் என்னிடம் மெதுவாக, வாசலில் இப்படி நடக்கும்போது வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள், எனக்குக் கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை என்றார். நான் என்ன செய்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் உன் குரல் கேட்டதும் நான் அடுப்பை அணைத்தேன். அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். “அடுப்ப அணைங்க” என்றேன். அவர் அப்படியே செய்தார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயில் நெருப்பாகக் கொட்டியது. மாரிக்கனி கேட்டுக்கு வெளியே நின்று அப்பா என்று கூப்பிட்டாள். உன் அப்பா போனார். சொன்னார். குரல் உயரவில்லை. அன்று எப்படியோ அப்படியே. அந்தப் பெண்ணுக்கு அடுத்து வசனம் இருந்தது, சொல்ல முடியவில்லை, கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். பிறகு கைதட்டினார்கள். சத்யப்பிரியா வந்து, அவள் வசனத்துக்காக இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றாள்.

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, “ஒரு தடவ சொன்னதே போதும்மா” என்றார். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. முற்றத்தில் உட்கார்ந்து சத்யப்பிரியாவிடம் கடைசிக் காட்சியைப் பற்றிப் பேசினார். பேசினார் என்ன, கெஞ்சினார். அந்த ஆள் ஏன் அவ்வளவு நேரம் கழித்துத் திறக்கிறான், கொஞ்சம் முன்னால் திறந்தால் என்ன கெட்டுப்போகும் என்றார். டிவிக்காரர்களும் அதைத்தான் கேட்டார்களாம், பெண் பிழைத்துக்கொள்ளட்டும், நல்லபடியாக முடியட்டும் என்று. அவள் அவர்களோடு சண்டை போட்டு அந்த முடிவைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அவர் திறந்துவிட்டால் பார்க்கிறவர்கள் நிம்மதியாக எழுந்து போய்விடுவார்கள் ஐயா, யாரும் வீட்டுக்குப் போய்த் தங்கள் கதவைப் பார்க்க மாட்டார்கள் என்றாள். கூடத்தில் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார்கள். அப்பா முற்றத்தில் வெயில்படும் இடத்திலேயே இருந்தார்.

இரண்டு பேரும் பஸ்ஸில் திரும்பினோம். கூட்டம். எனக்கு இடம் கிடைத்தது, அவர் என் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழியில் எங்கேயோ குனியாமலே, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“அன்னைக்கு நீ ஏன் வந்து தொறக்கல?”

என்ன பதில் சொல்வது? உங்களுக்குப் பயந்து என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு நின்ற அந்த நேரத்தில், இவர் பார்த்துக்கொள்வார், பழி இவரோடு போகட்டும் என்று நானும் உள்ளுக்குள் ஒதுங்கித்தான் நின்றேன். இராஜபாளையம் வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் அவர் என்னை ‘நீ’ என்றது உறைத்தது. தெருவென்றும் பார்க்காமல் அழுதுகொண்டே வந்தேன்.

கடைசிக் காட்சியை அடுத்த வாரம் எடுத்தார்கள். அதற்கும் போனேன். கதவைத் திறந்து, கீழே கிடக்கிற மகளைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு அலற வேண்டும் என்று எழுதியிருந்தது. அப்பா திறந்தார். மாரிக்கனி வாசலில் கிடந்தாள், முகத்தில் நேராக வெயில். அவர் அலறவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து, அவள் முகத்துக்கு நிழல் பிடித்தார். அப்படியே இருந்தார். கையை இறக்கவில்லை. சத்யப்பிரியா நிறுத்தச் சொல்லவே இல்லை. அதன் பிறகு வரவேண்டிய வசனம் முழுவதையும் எடுத்துவிட்டாளாம்.

எடுத்து முடிந்ததும் இறந்தவளாகக் கிடந்த பெண்ணை எழுப்பி நிறுத்தி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்யாவிட்டால் அவளுக்கு ஆகாதாம். அப்பா எழுந்து போகாமல் அவள் சிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளுக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

நேற்றுக் காலை சாப்பிடும்போது சொன்னேன். நான் லூதியானாவுக்குப் போகிறேன் என்றேன். போகலாமா என்று கேட்கவில்லை. போனில் பேச மாட்டேன் என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டேன், நேரில் போய்ப் பார்க்கமாட்டேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்றேன். அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடவில்லை.

பிறகு, “டில்லியில எறங்கி வேற ஸ்டேசனுக்குப் போயி மாறணும். ஒத்தையில உனக்கு ஏலாது. ஜெபாவக் கூட்டிட்டுப் போ” என்றார்.

எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி மாற வேண்டும் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதியில் விட்டுவிட்டு யூனிட்டுக்குப் போயிருப்பார். வண்டிகளின் பெயரை வரிசையாகச் சொன்னார். எந்த வண்டி பிந்தும் என்பதுகூடத் தெரிந்திருந்தது. நீங்களும் வாருங்களேன் என்றேன். தலையை ஆட்டினார். அது வருகிறேன் என்ற ஆட்டல் இல்லை. கைகழுவப் போகும்போது, “நீ மொதல்ல போ” என்று மட்டும் சொன்னார்.

அதனால் வருகிறேன். ஜூலை பத்தாம் தேதி இங்கிருந்து புறப்படுகிறோம். முழங்கால் வலிக்கிறது, இந்தி தெரியாது, உன் வீடு எந்த மாடியில் என்றும் தெரியாது. ஜெபா பார்த்துக்கொள்வாள். உன் வீட்டில் எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்டு எழுத வேண்டாம். ஒரு வாய் சோறு போட்டு அனுப்பினாலும் போதும்.

மருமகனிடம் நான் ஒன்று கேட்டேன் என்று சொல். அன்று வெயிலில் என் மகளைத் தனியாக விடாமல் அவர் கூட நின்றாரே, அதற்கு நான் ஒரு நாளும் நன்றி சொல்லவில்லை. நேரில் சொல்ல இடம் கொடுக்கச் சொல்.

உன்னிடமிருந்து இதுவரை ஒரு வரியும் வரவில்லை. உன் கோபத்தில் தவறில்லை. நான் வரக் கூடாது என்று நீ நினைத்தால் இந்த ஒரு கடிதத்துக்காவது பதில் எழுது. ‘வராதே’ என்று ஒரே ஒரு சொல் போதும், நின்றுவிடுகிறேன். இந்தத் தடவையும் நீ எழுதாமல் இருந்தால், வரச் சொல்கிறாய் என்று எடுத்துக்கொண்டு வண்டி ஏறிவிடுவேன். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் நிழலில் வைத்துக் காக்கட்டும். தபால்காரர் நம் தெருவுக்கு வருகிற நேரமெல்லாம், அவர் நம் வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பேன்.

உன்னைப் பார்க்கப் புறப்படும்,
அம்மா ஜெயபாய்.